ஜப்பான்காரம்மாவைத் தேடிப் போன செவ்வாய்க்கிழமை

அன்புச்செல்விக்கு எந்தக் கவலையும் முதலில் வயிற்றில்தான் தெரியும். அடிவயிற்றில் யாரோ ஈரத்துணியை முறுக்குவதுபோல இருக்கும். என்ன விஷயம் என்று மூளைக்கு எட்டுவது அப்புறம்தான். மே மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், காலை ஒன்பதே முக்காலுக்கு, அடையாறு காந்தி நகரில் ஒரு மூன்றாவது மாடி வீட்டின் காலிங்பெல்லை நான்காவது தடவை அழுத்தியபோது அந்த முறுக்கல் ஆரம்பித்தது.

கதவைத் திறக்க வேண்டியவள் மிசாகி. ஜப்பானிலிருந்து வந்து மூன்று வாரம் ஆகிறது. இருபத்தேழு வயது. புருஷனுக்கு ஒரகடம் பக்கம் கார் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலை. விடிகிறபோதே கம்பெனி வண்டி வந்து அழைத்துப் போய்விடும். அதன்பிறகு பொழுது சாய்கிறவரை அந்த மூன்று படுக்கையறை வீட்டில் மிசாகி ஒருத்தி மட்டும்தான். மற்ற நாட்களில் முதல் பெல்லுக்கே ஓடிவந்து திறப்பாள், கதவுக்குப் பின்னாலேயே காத்துக்கொண்டிருந்தவள்போல.

அன்புச்செல்வி போன் போட்டாள். கதவுக்கு அந்தப் பக்கத்தில், உள்ளே எங்கேயோ, மிசாகியின் போன் அடித்தது. அடித்து அடித்து ஓய்ந்தது.

அவள் இந்த வேலைக்கு வந்து பதினான்கு வருஷம் ஆகியிருந்தது. ஜப்பான்காரர்கள் வீட்டில் வேலை செய்கிற செல்வி என்று அடையாற்றில் கேட்டால் வாட்ச்மேன்கள் வழி காட்டுவார்கள். முதலில் அமர்ந்தது ஹொரிகுச்சி மேடம் வீட்டில். மேடத்தின் புருஷன் இங்கேயே ஒரு கம்பெனி நடத்துகிறார். மற்றவர்கள் மூன்று வருஷம், நான்கு வருஷம் என்று வந்து போகிறவர்கள். ஹொரிகுச்சி மேடம் மட்டும் பதினைந்து வருஷமாக இங்கேயே இருந்தார். புதிதாக எந்த ஜப்பான் குடும்பம் வந்து இறங்கினாலும் அந்தம்மாவை முதலில் மேடம்தான் போய்ப் பார்ப்பார். மேடத்துக்குப் பின்னாலேயே ஒரு துணிப்பையைத் தூக்கிக்கொண்டு அன்புச்செல்வியும் போவாள்.

அந்தப் பையில் ஒரு புத்தகம் இருக்கும். மேடமும் இன்னும் நான்கைந்து ஜப்பான்காரம்மாக்களும் புதன்கிழமைதோறும் கூடி உட்கார்ந்து எழுதிச் சேர்த்தது. தண்ணீர் கேன் வந்தால் எப்படி வாங்கி வைப்பது, கரண்ட் போனால் லிஃப்டில் என்ன செய்வது, கீரையை எத்தனை தண்ணீரில் அலசுவது, எந்த டாக்டரிடம் போவது என்று எல்லாம் அவர்கள் எழுத்தில் இருக்கும். கடைசிப் பத்துப் பக்கம் தமிழ். அதற்குக் குரல் கொடுத்தவள் அன்புச்செல்விதான். அவள் சொல்லச் சொல்ல அப்படியே எழுதிக்கொண்டார்கள். அதனால் அடையாற்றில் இருக்கும் ஜப்பான்காரம்மாக்கள் எல்லாரும் "இன்னா ரேட்டு?" என்றுதான் கேட்பார்கள். "அய்ய, கட்டாது நைனா" என்றும் சொல்வார்கள். மிசாகியின் வீட்டுக்குக் கீழ்வீட்டில் இருக்கும் ஜெயஸ்ரீ அம்மாள், பேங்கில் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர், ஒருநாள் படிக்கட்டில் இதைக் கேட்டுவிட்டு நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "ஏண்டி செல்வி, பாவம், தெரியாதவாளுக்கு இப்படியா தமிழ் சொல்லிக் குடுப்பே?"

"எனக்குத் தெரிஞ்ச தமிழத்தானம்மா நா சொல்ல முடியும்."

மிசாகிக்கும் அந்தப் புத்தகம் கொடுத்தாகிவிட்டது. இரண்டு கையாலும் வாங்கிக் குனிந்து வணங்கினாள். மேடம் அவளைக் காய்கறிக் கடைக்கு அழைத்துப் போனார், மருந்துக் கடைக்கு அழைத்துப் போனார். கேட்டதற்கெல்லாம் மிசாகி "தைஜோபு" என்றாள். ஒன்றுமில்லை, பரவாயில்லை, நன்றாக இருக்கிறேன், எல்லாவற்றுக்கும் ஜப்பான் மொழியில் அந்த ஒரே சொல்தான். போன வெள்ளிக்கிழமை மேடத்தின் மாமனாருக்கு உடம்பு மோசமாகிவிட்டது என்று சேதி வர, அவர் அவசரமாக ஊருக்குப் புறப்பட வேண்டியதாயிற்று. போகும்போது மிசாகி வீட்டின் இன்னொரு சாவியை அன்புச்செல்வியின் கையில் வைத்து மூடினார்.

"செல்வி, எமர்ஜென்சிக்கு மட்டும். அப்புறம் ஒண்ணு. அது தைஜோபு சொல்லும். நீ நம்பாத. மூஞ்ச பாரு."

அன்புச்செல்வி மூஞ்சியைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். சனிக்கிழமை வைத்த சோறு ஞாயிறு அப்படியே குப்பையில் கிடந்தது. திங்கட்கிழமை கண் வீங்கியிருந்தது. "மேடம், சாப்டீங்களா?" என்றால் தைஜோபு. "ஊரு ஞாபகமா?" என்று சைகையில் கேட்டால் தைஜோபு. இன்றைக்குக் கதவே திறக்கவில்லை.

சாவி முந்தானை முடிச்சில்தான் இருந்தது. அதை அவிழ்க்கத்தான் கை வரவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால் அபிராமபுரத்தில் ஒரு வீட்டில் பகுதிநேர வேலை செய்துவந்தாள். அங்கே ஒரு சங்கிலி காணாமல் போயிற்று. மத்தியானம் இரண்டு மணியிலிருந்து விளக்கு வைக்கிற நேரம்வரை அவளை ஸ்டேஷன் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டார்கள். சங்கிலி அந்தம்மாவின் இன்னொரு கைப்பையில் இருந்தது. "கிடைச்சிடுச்சு, போகலாம்" என்றார்கள். அன்றிலிருந்து யார் வீட்டிலும் மேசைமேல் ஏதாவது கிடந்தால் அதைத் தொடாமல் சுற்றித் துடைப்பாள்.

ஹொரிகுச்சி மேடத்துக்குப் போட்டாள். போன் அணைந்திருந்தது. ஆஸ்பத்திரிக்குள் இருப்பார். "மேடம், மிசாகி மேடம் கதவு தொறக்கல. எனக்கு பயமா கீது. போன் பண்ணுங்க" என்று குரலைப் பதிவு செய்து அனுப்பினாள். பிறகு விடுவிடுவென்று இரண்டாம் மாடிக்கு இறங்கி ஜெயஸ்ரீ அம்மாளின் கதவைத் தட்டினாள்.

"அம்மா, கொஞ்சம் மேல வர்றீங்களா? பெல்லு அடிச்சுக்கினே கீறேன், தொறக்க மாட்றாங்க. போனு உள்ள அடிக்குது."

"குளிச்சிண்டு இருக்காளோ என்னமோ."

"அரமணி நேரமாம்மா குளிப்பாங்க? எங்கிட்ட சாவி கீது. நா தனியா தொறக்க மாட்டேன். நீங்க நிக்கணும். வாட்ச்மேனும் நிக்கட்டும்."

ஜெயஸ்ரீ அம்மாள் அவள் முகத்தைப் பார்த்தார். வேறொன்றும் கேட்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு வாட்ச்மேனையும் கூப்பிட்டார்.

கதவு திறந்தது. உள்ளே ஏ.சி. ஓடவில்லை, புழுக்கமாக இருந்தது. "மிசாகி மேடம்!" பதில் இல்லை. படுக்கை மடித்து வைத்திருந்தது. சமையலறை பளிச்சென்று, ஒரு டம்ளர்கூட வெளியில் இல்லாமல், யாருமே குடியிராத வீடுபோல இருந்தது. போன் சாப்பாட்டு மேசைமேல் கிடந்தது. குளியலறைக் கதவைத் தள்ளும்போது அன்புச்செல்வி கண்ணை மூடிக்கொண்டாள். திறந்து பார்த்தால் காலி. கை கழுவும் பேசின் ஓரத்தில், சோப்புக்குப் பக்கத்தில், மிசாகியின் கல்யாண மோதிரம்.



"அம்மா, இங்க வாங்க. இத நீங்க பாத்துக்கோங்க. நா தொடல."

"சரி, பாத்துட்டேன்." ஜெயஸ்ரீ அம்மாளின் குரல் இறங்கிவிட்டது. "மோதிரத்த எதுக்குடி கழட்டி வச்சிருக்கா?"

அதே கேள்விதான் அவளுக்கும். ஒரு பெண் வீட்டை இப்படித் துடைத்து வைத்துவிட்டு, போனை வைத்துவிட்டு, மோதிரத்தையும் கழற்றி வைத்துவிட்டு எங்கே போவாள்? அன்புச்செல்வி இருந்த பழைய தெருவில் ஒருத்தி அப்படித்தான் ஆற்றுக்குப் போனாள். அந்தப் பேரை இப்போது நினைக்கவே கூடாது என்று தலையை உதறிக்கொண்டாள்.

வாட்ச்மேன் அப்போதுதான் வாயைத் திறந்தான். எட்டு மணிக்குத் தண்ணீர் லாரி வந்ததால் பின்பக்கம் போயிருந்தானாம். யார் போனார்கள் என்று பார்க்கவில்லையாம். அவனுடைய நோட்டில் இருந்த மிசாகி புருஷனின் நம்பருக்கு ஜெயஸ்ரீ அம்மாள் போட்டார். எடுக்கவில்லை. தொழிற்சாலைக்குள் போனைப் பெட்டியில் வைத்துவிட்டுத்தான் போவார்கள் என்று அன்புச்செல்விக்குத் தெரியும். ஆங்கிலத்தில் ஒரு செய்தி அனுப்பிவிட்டு ஜெயஸ்ரீ அம்மாள் கேட்டார்: "போலீஸுக்குச் சொல்லிடலாமா? வெளிநாட்டுக்காரா விஷயம். நாளைக்கு ஏதாவதுன்னா..."

ஏதாவதுன்னா யாரை முதலில் கேட்பார்கள் என்பதும் அன்புச்செல்விக்குத் தெரியும். சாவி வைத்திருந்தவளைத்தான். இருந்தாலும் வேண்டாம் என்று சொல்ல நாக்கு எழவில்லை. தனக்கு வரப்போவதை நினைத்து அந்தப் பெண்ணுக்கு வருகிற உதவியைத் தடுக்கிறேனோ என்று ஒரு பக்கம் உறுத்தியது.

"ஒரு மணி நேரம் குடுங்கம்மா. நா தேடிட்டு வர்றேன். கெடைக்கலன்னா நானே உங்ககூட ஸ்டேஷனுக்கு வர்றேன். சாவிய நீங்களே வச்சுக்கோங்க."

தெருமுனை ஆட்டோ ஸ்டாண்டில் ஷாஹுல் ஹமீது பாய் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பல வருஷப் பழக்கம்.

"பாய், நம்ம புது ஜப்பான்காரம்மாவ பாத்தீங்களா? ஒல்லியா, சின்னதா..."

"வெள்ளக் கொடையா? எட்டு, எட்டே காலுக்கு நடந்து போச்சே. ஆட்டோ வேணுமாம்மான்னு கேட்டேன். தலைய ஆட்டிட்டு போய்க்கினே கீது."

"எந்தப் பக்கம்?"

"கோட்டூர்புரம் பக்கம்தான். இன்னா செல்விக்கா, இன்னா ஆச்சு?"

கோட்டூர்புரம் பக்கம் அவளுக்கு என்ன இருக்கிறது? கடைத்தெரு எதிர்ப்பக்கம். மேடம் வீடும் எதிர்ப்பக்கம். அந்தத் திசையில் மிசாகியை யாரும் எங்கேயும் அழைத்துப் போனதில்லை. கத்திரி வெயில் தலையில் இறங்கியது. அன்புச்செல்வி அங்கேயே நின்று யோசித்தாள். தெரியாத ஊரில் வந்து விழுந்தவள் எங்கே போவாள்?

அதற்கு விடை அவளுக்கு எந்தப் புத்தகத்தையும் பார்க்காமலே தெரியும்.

அவள் பிறந்து வளர்ந்தது கோட்டூர்புரம் பாலத்துக்குப் பக்கத்தில், அடையாற்றுக் கரையில். இரண்டாயிரத்துப் பதினைந்து வெள்ளத்தில் வீடு கூரைவரை முழுகியது. இரண்டு வருஷம் கழித்து, பாத்திரம் பண்டத்தோடு லாரியில் ஏற்றிப் பெரும்பாக்கத்தில் கொண்டுபோய் இறக்கினார்கள். ஏழாவது மாடி. எல்லா பிளாக்கும் ஒரே மாதிரி. முதல் வாரத்தில் இரண்டு தடவை அடுத்தவர் வீட்டுப் பூட்டில் தன் சாவியைப் போட்டுத் திருகி வாங்கிக் கட்டிக்கொண்டாள். தண்ணீர் எப்போது வரும், எந்த பஸ் எங்கே போகும், ரேஷன் கடை எங்கே, யாருக்கும் தெரியாது. சொல்லவும் ஆளில்லை. காலையில் வேலைக்குப் போகிறேன் என்று புருஷன் தங்கவேலிடம் சொல்லிவிட்டுக் கிளம்புவாள். நேரே பாலத்துக்கு வந்துவிடுவாள். இடித்துப் போட்ட தன் வீட்டுக்கு எதிரில், தெரிந்த டீக்கடைப் பெஞ்சில் பத்து மணிவரை உட்கார்ந்திருப்பாள். அழுகையெல்லாம் இல்லை. தெரிந்த சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தால் மூச்சு ஒழுங்காக வரும், அவ்வளவுதான். பதினோரு நாள் அப்படிப் போனாள். அதன்பிறகுதான் பெரும்பாக்கம் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபட்டது. பின்னால் லாரிகளில் வந்து இறங்கியவர்களுக்கெல்லாம் எந்த பஸ், எந்த நேரம் தண்ணீர் என்று கீழே இறங்கிப்போய்ச் சொன்னவளும் அவள்தான்.

மிசாகிக்கு இந்த ஊரில் தெரிந்த சுவர் எது? இந்த வீட்டுக்கு வருவதற்கு முன்னால் பன்னிரண்டு நாள் புருஷனும் பெண்டாட்டியும் தி. நகரில், வெங்கட்நாராயணா சாலைப் பக்கம், ஒரு ஹோட்டலில் தங்கியிருந்தார்கள்.

"பாய், எடுங்க வண்டிய. தி. நகர். ஓரமா மெதுவா போங்க, பாத்துக்கினே போணும்."

ஷாஹுல் ஹமீது இடதுபுறம் பார்த்தார், அவள் வலதுபுறம் பார்த்தாள். பஸ் ஸ்டாப் நிழல், மரத்தடி, கடை வாசல் ஒவ்வொன்றிலும் வெள்ளைக் குடையைத் தேடினாள். ஒரு குடை தெரிந்தது. கிட்டே போனால் வெயிலுக்குப் பயந்த யாரோ ஒரு பெரியவர். கோட்டூர்புரம் பாலத்தில் வண்டி ஏறியபோது நடுவில் கூட்டம் நின்றது. இருபது முப்பது பேர், பைக்கை நிறுத்திவிட்டு, கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தான்.

வண்டி நிற்பதற்கு முன்பே அன்புச்செல்வி குதித்துவிட்டாள். கால் பிசகியது தெரியவில்லை. "கொஞ்சம் நவுருங்க, நவுருங்க" என்று முதுகுகளைத் தள்ளிக்கொண்டு சுவரைப் பிடித்தாள். பார்க்க முடியவில்லை. பார்க்காமலும் இருக்க முடியவில்லை. பக்கத்தில் நின்ற ஆளின் சட்டையைப் பிடித்து, "இன்னாங்க, யாருங்க?" என்றாள்.

"யாரா? மிஷின்மா. ஆகாயத்தாமரை அள்ற மிஷினு. மாட்டிக்கிச்சு."

கீழே, மஞ்சள் நிற இயந்திரம் ஒன்று செடிக் குவியலுக்கு நடுவில் ஒருபக்கமாகச் சாய்ந்து நின்றது. மேலே ஒருவன் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தான். அன்புச்செல்வி அந்தச் சுவரிலேயே நெற்றியை வைத்துக்கொண்டாள். வெயிலில் சுவர் சுட்டது. ஷாஹுல் ஹமீது வந்து தோளைத் தொடாமல் பக்கத்தில் நின்று, "வா செல்விக்கா, ஒண்ணுமில்ல. அல்லா பாத்துப்பான். வண்டில ஏறு" என்றார்.

ஹோட்டலின் கண்ணாடிக் கதவு திறந்ததும் குளிர்காற்று முகத்தில் அடித்தது. வரவேற்பறை சோபாவின் ஒரு நுனியில், முழங்கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு, மடித்த வெள்ளைக் குடையை மடியில் வைத்தபடி மிசாகி உட்கார்ந்திருந்தாள்.

அன்புச்செல்விக்குக் கோபம்தான் முதலில் வந்தது. கன்னத்தில் ஒன்று வைக்கலாமா என்றுகூட இருந்தது. 

மேசைக்குப் பின்னால் இருந்த பெண் எழுந்து வந்தாள். சட்டையில் சிம்ரா என்று பேர் குத்தியிருந்தது. "நீங்க இவங்களுக்குத் தெரிஞ்சவங்களா? நல்லவேளை. ஒம்போதரைக்கு வந்தாங்க. நடந்தே வந்திருக்காங்க. அவங்க முன்னாடி இருந்த ரூம்தான் வேணும்னாங்க. அதுல வேற கெஸ்ட் இருக்காங்க. வேற ரூம் தரேன்னேன், வேணாம்னுட்டாங்க. போன் நம்பர் கேட்டா சிரிக்கிறாங்க. தண்ணி குடுத்தேன். உக்காந்திருக்கட்டும்னு விட்டுட்டேன்."

"நல்ல காரியம் பண்ணம்மா."

மிசாகி நிமிர்ந்து பார்த்தாள். தப்புச் செய்து மாட்டிக்கொண்டவள்போல எழுந்து, குனிந்து, பேரோடு அவர்கள் மரியாதைக்குச் சேர்க்கிற 'சான்' போட்டு, "தைஜோபு, செல்வி-சான்" என்றாள்.

"இன்னா தைஜோபு? உக்காரு." வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு மேடத்தை ஒருமையில் அதட்டினாள். தரையில் குந்தி அவள் காலணியைக் கழற்றினாள். இரண்டு குதிகாலிலும் தோல் உரிந்து கொப்புளம். சிம்ராவிடம் தண்ணீரும் பஞ்சும் வாங்கித் துடைத்தாள். அந்த ஈரம் பட்டதும் மிசாகி அழ ஆரம்பித்தாள். அழுதுகொண்டே பேசினாள், நிறுத்தாமல், ஜப்பான் மொழியில், ஐந்து நிமிஷம் இருக்கும். பதினான்கு வருஷம் சமையலறைகளில் பொறுக்கிய சொற்களை வைத்துக்கொண்டு அன்புச்செல்விக்குப் பிடிபட்டது கொஞ்சம்தான். சத்தம். தனியாக. அம்மா. மறுபடி சத்தம். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

பிறகு தன் மோதிர விரலைத் தொட்டுக் காட்டி, எங்கே என்று சைகையில் கேட்டாள். மிசாகி விரல்களை விரித்துக் காட்டினாள். சூட்டில் எல்லா விரலும் வீங்கிச் சிவந்திருந்தன. சோப்புப் போட்டு இழுத்துக் கழற்றினேன் என்று நடித்துக் காட்டினாள். அவ்வளவுதான் விஷயம். அன்புச்செல்வி ஜெயஸ்ரீ அம்மாளுக்குப் போன் போட்டு, "கெடச்சிட்டாங்கம்மா, நல்லா கீறாங்க" என்றாள்.

திரும்பும்போது பாலத்தின்மேல் ஷாஹுல் ஹமீது தானாகவே வண்டியை மெதுவாக்கினார். மிசாகி ஆற்றைப் பார்த்தாள், பிறகு அன்புச்செல்வியைப் பார்த்து, புத்தகத்தில் படித்த தமிழில், ஒவ்வொரு எழுத்தாக, "செல்வி-சான். வூடு. எங்க கீது?" என்றாள்.

அன்புச்செல்வி பெரும்பாக்கம் இருக்கும் தெற்குப் பக்கம் கையைத் தூக்கினாள். கை பாதியில் நின்றது. பிறகு பாலத்துக்குக் கீழே, வேலி போட்டு மரக்கன்று நட்டிருந்த கரையைக் காட்டினாள். "அங்க. அங்கதான் இருந்துச்சு." மிசாகி கழுத்தை நீட்டிப் பார்த்தாள். செடிகளைத் தவிர அவளுக்கு எதுவும் தெரிந்திருக்காது. ஆனாலும் பாலம் முடிகிறவரை அந்தப் பக்கமே திரும்பியிருந்தாள்.

பிற்பகல் மூன்று மணிக்குப் புருஷன் வந்தான். வியர்த்து, வெளிறி, செய்தி பார்த்ததும் ஒரகடத்திலிருந்து பறந்து வந்திருந்தான். ஜெயஸ்ரீ அம்மாளுக்குக் குனிந்தான், அன்புச்செல்விக்கு அதைவிட அதிகமாகக் குனிந்தான். பிறகு ஜெயஸ்ரீ அம்மாளிடமிருந்து சாவியை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டான். கம்பெனியில் அப்படித்தான் விதி என்று ஆங்கிலத்தில் சொன்னானாம். நாளையிலிருந்து வரலாமா வேண்டாமா என்று அவனும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. அன்றைக்கு பஸ்ஸில் பெரும்பாக்கம் போகும்வரை அவளுக்கு அதே எண்ணம்தான். நல்லது செய்தாலும் சாவி வைத்திருந்தவள் என்றுதான் பேர்.

வழியிலேயே ஹொரிகுச்சி மேடம் கூப்பிட்டார். முழுவதையும் கேட்டுக்கொண்டார்.

"செல்வி, ஹோட்டல் போயிருக்கும்னு உனக்கு எப்படி தெரிஞ்சுது?"

அவள் பெரும்பாக்கத்துப் பதினோரு நாளையும் சொன்னாள். அவர் வீட்டில் இத்தனை வருஷம் வேலை செய்தும் மேடத்திடம் அதை அவள் சொன்னதில்லை. அந்த நாட்களில் தினம் தாமதமாக வந்ததற்கு பஸ் சரியில்லை என்று சொல்லியிருந்தாள்.

"நா கேக்கல," என்றார் மேடம். "எல்லா புது ஆளையும் கேட்டேன். உன்ன கேக்கல."

"பரவால்ல மேடம்."

மறுநாள் காலை பெல்லை அழுத்திவிட்டு, கதவில் காதை வைத்துப் பத்து நொடி காத்திருந்தாள். கதவு திறந்தது. மிசாகி குதிகாலில் பிளாஸ்திரியோடு நின்றாள். உள்ளே சாப்பாட்டு மேசைமேல் இருவருக்குமாக இரண்டு தட்டு வைத்திருந்தாள்.

அதற்காக எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. ஜூன் மாதம் முழுக்க மிசாகி நல்ல நாளும் கெட்ட நாளுமாகத்தான் இருந்தாள். வாரத்தில் ஒருநாள் இருவரும் ஷாஹுல் ஹமீது வண்டியில் அந்த ஹோட்டலுக்குப் போய், சிம்ராவிடம் இரண்டு வார்த்தை பேசி, ஒரு காபி குடித்துவிட்டு வருவார்கள். ஊரிலிருந்து திரும்பிய ஹொரிகுச்சி மேடம் அதைத் தடுக்கவில்லை. புதன்கிழமைக் கூட்டத்தில் இப்போது அன்புச்செல்வியையும் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். அவளுக்கு அந்த நாற்காலியில் உட்காருவது ஸ்டேஷன் பெஞ்சைவிடப் பதற்றமாக இருந்தது.

ஆகஸ்டில் ஒருநாள் மிசாகி கூடையை எடுத்துக்கொண்டு, நீ வர வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, தனியாகக் கடைக்குக் கிளம்பினாள். சரி என்று தலையாட்டிய அன்புச்செல்வி, லிஃப்ட் கீழே போனதும் படியில் இறங்கி, நாற்பது அடி தள்ளி அவள் பின்னாலேயே போனாள். மிசாகி தக்காளி வாங்கினாள். வெண்டைக்காயை ஒடித்துப் பார்த்தாள். ஏதோ சொன்னாள், கடைக்காரன் சிரித்தான். திரும்பும்போது மட்டும் தவறான சந்தில் நுழைந்தாள்.

இளநீர் வண்டிக்குப் பின்னால் நின்ற அன்புச்செல்விக்கு வாய்வரை கூப்பாடு வந்துவிட்டது. சேலைத் தலைப்பைப் பல்லில் கடித்துக்கொண்டாள். சந்துக்குள் பாதி தூரம் போன மிசாகி நின்றாள். சுற்றிப் பார்த்தாள். துணி தேய்க்கும் வண்டிக்காரரிடம் போய் ஏதோ கேட்டாள். அவர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, கையை நீட்டி, இரண்டு தடவை மடக்கிக் காட்டினார். மிசாகி குனிந்து வணங்கினாள். அவரும் என்ன செய்வதென்று தெரியாமல் குனிந்தார்.

அவள் கேட்டுக்குள் நுழைகிறவரை பார்த்துவிட்டுத்தான் அன்புச்செல்வி பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள். அவள் தினமும் வீட்டுக்குப் போகிற பன்னிரண்டரை மணி பஸ் போய்விட்டிருந்தது.